பிச்சைமுத்து எதில் வழுக்கினான்

மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது செம்பாக்கா ரப்பர் தோட்டம். அங்கே புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அப்பாவு. அவர் பெண்சாதி கருப்பம்மாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். அவர்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும், அடுத்த லயத்துக் கூலிவீட்டில் இருந்த மங்களத்தின் மடியில் பிள்ளையைப் போட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் அவனுக்குப் பிச்சைமுத்து என்று பேர். அவனுக்கு அடுத்து ராக்காயி பிறந்தாள். அவளும் தங்கினாள். பிறகு பாரிட் புந்தாரில் நெல் ஆலையில் வேலை செய்த சீனி என்பவனுக்கு அவளைக் கொடுத்தார்கள்.

பிச்சைமுத்து கட்டியது இருளாயியை. அவள் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தாய் தகப்பன் இல்லாதவள் என்பதால் கலியாணமாகி வரும்போதே தம்பி மாயாண்டியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அக்காள் வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்து, அக்காள் புருஷன் பின்னாலேயே வேலைக்கும் வந்து, தனக்கென்று ஒரு குடும்பமும் ஆன பிறகு மாயாண்டி குடியிருந்தது அடுத்த வீட்டில்தான்.

செம்பாக்காவைத் துண்டு போட்டு விற்றபோது எல்லோரும் ஈப்போவுக்கு வந்தார்கள். புந்தோங்கில் வீடு. கோப்பேங் சாலையில், லியோங் என்ற சீனருடைய லாரிப் பட்டறையில் வேலை. லியோங்கின் அப்பன் செம்பாக்காவில் மளிகைக் கடை வைத்திருந்தவன். லியோங் லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவன் என்பதால் தமிழ் பேசுவான். இலக்கணம் இருக்காது. ஆனால் திட்டுவதற்குத் திணறியதே கிடையாது. முதலாளி என்பதால் எல்லோருக்கும் அவன் தவுக்கே.

அந்தப் பட்டறைத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரைதான், ஆனால் சிமெண்டின் நிறத்தை யாரும் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக ஊறிய கறுப்பெண்ணெய், அதன் மேல் மரத்தூள், அதன் மேல் மறுபடியும் எண்ணெய். எங்கே எண்ணெய் கொட்டினாலும் மர ஆலையிலிருந்து வந்த தூளை ஒரு கை அள்ளிப் போட்டு மிதித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதில் விழாதவர்கள் குறைவு. சாயம் அடிக்கும் உடையப்பன் எழுபத்து நாலில் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். வெல்டிங் போடும் சீனப் பையன் மோவாயில் நாலு தையல் வாங்கினான். லியோங்கே ஒருமுறை விழுந்து, பின்பக்கத்தில் பலகை கட்டியவன் மாதிரி ஒரு மாதம் நடந்தான்.

பிச்சைமுத்து மட்டும் விழுந்ததே இல்லை. அவனுக்கென்று ஒரு நடை இருந்தது. குதிகாலை முதலில் ஊன்றாமல், முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, வாத்து போல நடப்பான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு தடவை விழுந்த பிறகு அவர்களும் அப்படியே நடப்பார்கள். பதினோரு வருஷம் அவன் அந்தத் தரையில் நடந்தான், தவழ்ந்தான், லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஒரு சிராய்ப்பு கிடையாது.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்தத் தரை கழுவப்படும். அது ஆயுத பூசை.

முதல் நாளே பிச்சைமுத்து லியோங்கிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். "தவுக்கே, நாளைக்குச் சாமி கும்புடணும்" என்பான். "கும்புடு லா. நல்லா கழுவு" என்பான் லியோங். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் தமிழர்கள் எல்லோரும் வந்து, தரையிலிருந்த தூளைச் சுரண்டி எடுத்து, குழாயைப் போட்டுக் கழுவி, ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் துடைத்து வரிசையாக அடுக்கிச் சந்தனம் வைப்பார்கள். ஜாக்கிக்குக் குங்குமம். நிற்கிற லாரிகளுக்கு மாலை. பொரி, கடலை, வாழைப்பழம். லியோங் ஒரு கூடை ஆரஞ்சு அனுப்புவான், பூசை முடிகிற நேரத்துக்குத் தானும் வந்து கை கூப்பிவிட்டுப் போவான்.

எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பூசையிலும் எல்லாம் அப்படியேதான் நடந்தன. ஒன்றைத் தவிர. மாயாண்டி அந்த வருஷம் ஒரு பை சோப்புத்தூள் வாங்கி வந்திருந்தான். "சாமிக்குப் பண்றோம், பளிச்சுனு இருக்கட்டும்" என்றான். தரை வெளுத்தது. சிமெண்டு தெரிந்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். "இதுதான் நம்ம பட்டறையாடா?" என்று உடையப்பன் கேட்டான். சப்பாத்துகளை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, கோயிலுக்குள் போவது போல வெறுங்காலோடு உள்ளே போனார்கள்.

பிச்சைமுத்து தேங்காயைக் கையில் எடுத்தான். அதுவரைக்கும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாபகம் வருவது பெரியாஸ்பத்திரியின் கூரை விசிறி. அது சுற்றுகிறதா, தான் சுற்றுகிறோமா என்று தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே இடது பக்கம் தன்னுடையது மாதிரியே இல்லை. தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது, உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்கள், தலையின் பின்பக்கம் அடிபட்டு இரண்டு நாளாகப் பிதற்றிக்கொண்டிருந்தான் என்று இருளாயி சொன்னாள்.

"என்ன பிதற்றினேன்?"

"மாமியா பேரச் சொன்னீங்க. மங்களத்தம்மா பேரச் சொன்னீங்க. எம்பேரச் சொல்லல."

"எப்படி விழுந்தேன்?"

"வழுக்கி."

"எதுல?"

இருளாயி தலையணையைச் சரி செய்தாள். அந்த நேரம் பார்த்து மாயாண்டி கஞ்சியோடு உள்ளே வந்தான். மச்சான் கண் விழித்ததைப் பார்த்தவுடன் தூக்குவாளியைக் கீழே வைத்தான். முகம் கோணிப் போனது.

"மச்சான், ரெண்டு தடவ தண்ணி ஊத்தினேன் மச்சான். நல்லா ஊத்தினேன்."

பிச்சைமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் மேல் ஊற்றினான்? தனக்குக் குளிப்பாட்டினானா? "சரி மாப்ளே, அதுக்கு ஏன் அழுவுற?" என்றான். மாயாண்டி இன்னும் அதிகமாக அழுதான்.

அதன் பிறகு வார்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பூசணிக்காய் உடைத்த சதையை மிதித்துவிட்டான் என்றான் மாயாண்டி. பூசணிக்காயை உடைத்ததே அவன் விழுந்த பிறகுதான், திருஷ்டி கழியட்டும் என்று அவசரமாக உடைத்தோம் என்றான் உடையப்பன். அவன் கணக்கில் வெறுங்காலோடு உள்ளே போனதுதான் காரணம். லியோங் ஒரு டின் மைலோவோடு வந்தான். "சிமெண்டு உள்ள எண்ணெய் இருக்கு லா. நீ மேல கழுவினா அடியில இருக்குற எண்ணெய் மேல வரும். அந்தத் தரைய நீ கழுவவே கூடாது" என்றான். பாரிட் புந்தாரிலிருந்து ரயிலேறி வந்த ராக்காயி கட்டிலைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றாள்.

"அண்ணே, அந்த வாரம் நீ கறி தின்னியா?"

"தெரியலையே தாயி."

"மதினி, கறி போட்டீங்களா?"

"ஒங்கண்ணனுக்குக் கறி போட எனக்கு வக்கு ஏது?" என்றாள் இருளாயி.

"நெத்திலி?"

இருளாயி கொஞ்சம் யோசித்தாள். "நெத்திலி போட்டேன்."

"பாத்தியா" என்று ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெத்திலி இறைச்சியில் சேர்த்தியா, மீனில் சேர்த்தியா என்று அந்த வார்டில் நாலைந்து பேர் பேச ஆரம்பித்தார்கள். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டான். பதினோரு வருஷம் கறுப்பெண்ணெயில் நடந்தபோது விழாதவன், தரை சுத்தமாக இருந்த ஒரே நாளில் ஏன் விழுந்தான்? அதற்குத்தான் அவனுக்குப் பதில் வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவன் ஆறு வாரம் அந்தக் கட்டிலில் கிடந்தான்.

வீட்டுக்கு வந்தபோது இடது கால் ஓர் அங்குலம் குட்டையாகியிருந்தது. கம்பு இல்லாமல் நடக்க முடியாது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. லாரிக்கு அடியில் போகிறவனுக்கு அதுதான் வேலையே. பிள்ளைகள் மூன்றும் பள்ளிக்கூடத்தில் இருந்தன.

உடையப்பன்தான் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து விஷயத்தை விளங்க வைத்தான். சங்கத்துக் கூட்டங்களுக்குப் போகிறவன், நாலு எழுத்து தெரிந்தவன். "அண்ணே, நம்ம சம்பளத்துல சொக்சோன்னு சர்க்கார் இன்சூரன்சுக்குப் பிடிக்கிறாங்கல்ல, அது இதுக்குத்தான். வேலையில விழுந்தா வீட்டுக்கு மாசாமாசம் வரும். கால் இப்படியே இருந்தாலும் வரும். ஆனா வேலையில விழுந்திருக்கணும்."

"வேலை எடத்துலதான விழுந்தேன்?"

"எடம் பத்தாதுண்ணே. வேலையில இருக்கணும். சாமி கும்புடப் போயி விழுந்தா அது ஒன்னோட சொந்த விஷயம். ஒண்ணும் கெடையாது."

"ஸ்பேனருக்குத்தானப்பா பூச போட்டேன். நான் என்ன, மாரியம்மன் கோயில்லயா விழுந்தேன்?"

"அத அந்த ஆபீசர்கிட்ட சொல்லிப் பாரு. வெசாரிக்க வீட்டுக்கு வாராரு."

இருளாயி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் குழப்பமில்லை. இந்த மனுஷன் சரியாகப் பதில் சொன்னால் அடுப்பு எரியும், தப்பாகச் சொன்னால் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி நடைபாதையோர ஐந்தடிக் கடைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"சோப்புத்தூள்னு சொல்லிடாதீங்க. எந்தம்பி மேல பழி வந்துரும்."

"அப்ப எதுல வழுக்கினேன்?"

"அதான் ஒடயப்பண்ணே சொல்றாங்கல்ல."

உடையப்பன் சொல்லிக் கொடுத்தான். "தேங்காய்னு வாயவே தொறக்காத. லாரியில கியர்பாக்ச எறக்கினேன், கறுப்பெண்ணெ வழுக்கிருச்சு. முடிஞ்சுது. சப்பாத்து எங்கன்னு கேட்டா, போட்டிருந்தேன்னு சொல்லு."

"கியர்பாக்ச எறக்கினேனா?"

"எறக்கல. ஆனா சொல்லு."

"எந்த லாரில?"

"அந்தப் பச்ச பெட்போர்டு."

பிச்சைமுத்து இரண்டு நாள் அதைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பச்சை பெட்போர்டு, கியர்பாக்ஸ், கறுப்பெண்ணெய். மூன்றாவது நாள் அவனுக்கு உண்மையாகவே ஒரு கியர்பாக்ஸ் தெரிய ஆரம்பித்தது. அதன் கனம் கையில் தெரிந்தது. போல்ட்டு ஒன்று துருப்பிடித்துத் திரும்ப மறுத்ததுகூடத் தெரிந்தது. இருளாயியைக் கூப்பிட்டு, "நான் நெசமாவே எறக்கினேன் போலிருக்கே" என்றான். அவள், "அப்படியே நெனச்சுக்கங்க, நல்லது" என்றாள். ஆனால் சாயங்காலம் கண்ணை மூடினால் அந்தக் கியர்பாக்சுக்கு யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை வந்தார். என்சே வாஹிட் என்று பேர்; என்சே என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனுஷர், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இருளாயி கொடுத்த காப்பியைக் குடித்தார். காலைப் பார்த்தார், பாவம் என்றார். பிறகு தாளை எடுத்து மலாயில் கேட்க ஆரம்பித்தார். பிச்சைமுத்துவுக்குப் பட்டறை மலாய் நன்றாக வரும்.

"விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"கியர்பாக்ஸ் இறக்கினேன்."

"தனியாகவா?"

இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பெட்போர்டு கியர்பாக்சை எந்த மனுஷனும் தனியாக இறக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அதிகாரிக்கும் தெரிந்திருந்தது போலிருந்தது.

"மாயாண்டி ஜாக்கியைப் பிடித்தான். இல்லை, ஜாக்கிக்கு அவன் குங்குமம் வைத்தான். ஜாக்கியை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை."

என்சே வாஹிட்டின் பேனா நின்றது. அடுத்த அறையில் இருளாயியின் வளையல் சத்தமும் நின்றது.

"அன்றைக்குப் பட்டறை திறந்திருந்ததா?"

"திறந்திருந்தது. நாங்கள்தான் திறந்தோம்."

"வேலை நடந்ததா?"

"கழுவினோம்."

"யார் கழுவச் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை என்சே. நான்தான் போய்த் தவுக்கேயிடம் கேட்டேன். வருஷா வருஷம் நான்தான் கேட்பேன்."

"எதில் வழுக்கினீர்கள்?"

பிச்சைமுத்து அவரையே பார்த்தான். பூசணிக்காய், சோப்புத்தூள், கறுப்பெண்ணெய், வெறுங்கால், நெத்திலி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதற்குக் கை நீட்டினாலும் யாராவது ஒருவருக்கு நோகும்.

"எனக்குத் தெரியாது என்சே. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள்."

அவர் சிரிக்கவில்லை. எழுதினார். பட்டறைக்குப் போய்த் தவுக்கேயையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், இருளாயி வந்தாள். பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவள் புருஷனை ஒருமையில் பேசியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

"நல்லா இருந்த சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே மனுசா. கேட்டது அவரு. சொன்னது நீ. 'யாரும் சொல்லல, நான்தான் கேட்டேன்.' யாருய்யா ஒன்ன அதச் சொல்லச் சொன்னது?"

"அது நெசம் இருளாயி. எனக்கு ஞாபகம் இருக்குறதே அது ஒண்ணுதான்."

"ஞாபகம்! எம்பேரு ஞாபகம் வரல, இது மட்டும் வந்துருச்சு."

மாயாண்டி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "அக்கா, விடுக்கா. சோப்புத்தூள்னு நானே போயிச் சொல்லிடுறேன். தல வலி விட்டுரும்" என்றான்.

"சொன்னா ஒன்னயும் வேலய விட்டு எடுப்பான். அப்ப ரெண்டு வீட்டுலயும் ஒல வைக்க வேணாம். உள்ள போ."

அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. பிச்சைமுத்துவுக்கு இதுவும் புரியவில்லை. விழுந்தது அவன், சண்டை அவர்களுக்கு.

மூன்று மாதம் ஒரு சேதியும் இல்லை. மூத்தவளுக்கு ஐந்தடிக் கடையில் கேட்டு வைத்தாயிற்று. பரீட்சை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் புத்தகங்களுக்கெல்லாம் புது அட்டை போட்டுத் தங்கைக்கு அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் பிச்சைமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

கடிதம் வந்தபோது அந்த மூத்த பெண்தான் அதைப் பிரித்தாள். முழுக்க மலாய். அவள் உதட்டை அசைத்து ஒரு முறை படித்தாள், பிறகு இன்னொரு முறை படித்தாள்.

"என்னடி, முடியாதுன்னுட்டாங்களா?"

"இல்லம்மா. கொடுக்குறாங்க. வேலையில நடந்த விபத்துன்னு எழுதியிருக்காங்க."

"நல்லாப் படி."

"'முதலாளியின் உத்தரவின்படி பட்டறையின் தரையைக் கழுவும் வேலையில் இருந்தபோது...' அப்படின்னு இருக்கு."

இருளாயி கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டி, "டேய் மாயாண்டி" என்று கத்தினாள். மூத்தவள் புத்தகங்களைத் தங்கையிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் பிச்சைமுத்து மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்ன உத்தரவு?" என்றான்.

யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை அவன் பஸ் ஏறிக் கோப்பேங் சாலைக்குப் போனான். விழுந்த பிறகு பட்டறைக்குள் அன்றைக்குத்தான் போகிறான். தரை பழையபடி கறுத்துப்போயிருந்தது. மரத்தூள் போட்டிருந்தார்கள். கம்பை எங்கே ஊன்றுவது என்று பார்த்துப் பார்த்து உள்ளே போனான். லியோங் மேசையில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏ பிச்சே! வந்துட்டியா! உக்காரு லா. கால் எப்படி?"

"கால் இருக்கு தவுக்கே. ஒண்ணு கேக்கணும். அந்த ஆபீசர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மைய சொன்னேன். நான் கழுவச் சொன்னேன், இவன் கழுவினான், விழுந்தான்."

"நீங்க எங்க சொன்னீங்க? நாந்தான வந்து கேட்டேன்? வருசா வருசம் நாந்தான கேப்பேன்?"

"நீ கேப்ப. நான் என்ன சொல்வேன்?"

பிச்சைமுத்து யோசித்தான். "நல்லா கழுவுன்னு சொல்வீங்க."

"அப்புறம் என்ன? அது உத்தரவு இல்லயா?"

"அது... நீங்க வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

லியோங் கார்புரேட்டரைக் கீழே வைத்தான். "பிச்சே, நான் சீனன். என் கடையில பதினோரு வருசமா ஏன் தரை கழுவுறாங்க? சாமிக்கா? முதல் வருசம் ஞாபகம் இல்லயா ஒனக்கு? முனிசிபல்காரன் வந்தான். தரை அழுக்கு, லைசென்சு தரமாட்டேன்னான். நான் உன்ன கூப்பிட்டேன், தரைய கழுவுன்னேன். நீ சொன்ன, தவுக்கே நாளைக்கு எங்களுக்குப் பூச, நாளைக்குக் கழுவுறேன்னு. அப்புறந்தான் அது வருசா வருசம்."

முனிசிபல்காரனா? அப்படி ஒருத்தன் வந்தானா? பிச்சைமுத்துவுக்கு ஞாபகம் இருந்தது வேறே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தயங்கித் தயங்கித் தானே போய்க் கேட்டது, லியோங் தன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது, அப்பன் கடையில் தீபாவளிக்கு முறுக்குத் தின்ற கதையைச் சொல்லிச் சரி என்றது. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே, வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். சட்டைப் பையில் இரண்டு பேனா. அவன் நிஜமா? அல்லது அந்தப் பச்சை பெட்போர்டு கியர்பாக்ஸ் மாதிரி, சொல்லக் கேட்டதால் வந்தவனா?

"தவுக்கே, இத எனக்காகச் சொல்றீங்களா, நெசமாச் சொல்றீங்களா?"

"ஏன், ஒனக்கு எது வேணும்?"

பிச்சைமுத்து இரண்டையும் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். பொய் என்றால், இந்த மனுஷன் அடுத்தவன் பிள்ளைகளின் சோற்றுக்காக அரசாங்கத்திடம் பொய் சொல்லியிருக்கிறான். அதற்குக் காலில் விழ வேண்டும். நிஜம் என்றால், பதினோரு வருஷம் குளித்து, விரதமிருந்து, விபூதி பூசிக்கொண்டு வந்து அவன் செய்ததெல்லாம் லியோங்கின் லைசென்சுக்குத் தரை கழுவினது. இரண்டில் எதற்குச் சந்தோஷப்படுவது?

"சரி லா" என்றான் லியோங். "கீழ போக முடியாது, மேல உக்காரலாம்ல? இந்தா." கார்புரேட்டரை அவன் பக்கம் தள்ளினான். "உயரமான ஸ்டூல் ஒண்ணு மாயாண்டிய செய்யச் சொல்றேன். கை நல்லாத்தான இருக்கு?"

வீட்டுக்குப் போனதும் இருளாயி கேட்டாள். "என்னங்க சொன்னாரு?"

"வேல கொடுத்தாரு. உக்காந்து பாக்குற வேல."

"அது இல்ல. உத்தரவு கொடுத்தாரா, இல்லையா? அதக் கேக்கத்தான போனீங்க?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கொடுத்தேன்னு சொன்னாரு." கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஆனா எனக்கு என்னமோ நான் கேட்டதாத்தான் ஞாபகம்" என்றான்.

"இனிமே ஞாபகப்படுத்திக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இருளாயி சோறு போட்டாள்.

அவனால் அதை விட முடியவில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கார்புரேட்டர் ஊதும்போதும், பம்ப் பிரிக்கும்போதும் முதல் வருஷத்தைத் தோண்டிக்கொண்டேயிருந்தான். உடையப்பனைக் கேட்டான். அவன் சேர்ந்தது எழுபதில், அவனுக்குத் தெரியாது. வெல்டிங் சீனனைக் கேட்டான். அவன் சிரித்தான். மாயாண்டியைக் கேட்கவில்லை. தரை என்ற பேச்செடுத்தாலே அவன் எழுந்து போய்விடுவான்.

மறு வருஷம் பூசை வந்தது. முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். லியோங் கதவருகில் சாவிக்கொத்தோடு நின்றான். பிச்சைமுத்து ஸ்டூலிலிருந்து இறங்கி, கம்பை ஊன்றி அவன் எதிரில் போய் நின்றான். தலையைச் சொறிந்தான். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இவன் கேட்டால் அது பூசை, லியோங் சொல்லும் வரைக்கும் காத்திருந்தால் அது வேலை. நாளைக்கு இன்னொருத்தன் விழுந்தால்? வெறும் பூசை என்றால் அவன் பிள்ளைக்குச் சோறு கிடையாது. வேலை என்றால் சாமிக்கு ஒன்றும் கிடையாது. அவன் கேட்கவில்லை.

லியோங்கும் பேசவில்லை. வழக்கமாகக் கேட்கிறவன் கேட்கட்டும் என்று காத்திருந்தானோ, அவனும் எதையாவது யோசித்தானோ தெரியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னண்ணே, ரெண்டு பேரும் ஏதும் சண்டையா?" என்று உடையப்பன் குழாயடியிலிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றான் பிச்சைமுத்து. லியோங் கதவைப் பூட்டினான். எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. காலையில் பிச்சைமுத்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். லியோங்கும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தான், இத்தனை வருஷத்தில் அந்த நேரத்துக்கு ஒருநாளும் வந்திராதவன். தண்ணீர்க் குழாயை எடுத்து இரண்டு கையாலும் பிச்சைமுத்துவிடம் நீட்டினான்.

பிச்சைமுத்து அதை வாங்கிக்கொண்டான். அது வேலையா, பூசையா என்று தெரியாமலே தண்ணீரைத் திறந்துவிட்டான்.